அறுந்த இழையும் நின்ற தறியும்

புகழை வெறுக்கும் மனிதனும் இல்லை. நற்பெயரை வேண்டாத நிறுவனமும் இல்லை. வள்ளுவப் பெருந்தகை புகழுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். ஆனால் வந்த புகழ் எதனால் வந்தது என்பதைப் பெற்றவரே மறந்துவிட்டால் என்ன நேரும்? இதற்கு விடை காணப் பழைய ஏடுகளைப் புரட்ட வேண்டுவதில்லை. நம் நாட்டுச் சாலைகளில் நாள்தோறும் ஓடும் ஒரு மோட்டார் காரின் பெயரே போதும். அப்பெயர் டொயோட்டா.

“டொயோட்டாவா? கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்” என்பது கடைத்தெருப் பேச்சு. கல்யாண வீட்டாரும் இன்னோவாவில் ஏறுகின்றனர். மந்திரிமாரும் இன்னோவாவில் ஏறுகின்றனர். இத்துணை நம்பிக்கைக்குக் காரணம் ஜப்பானியரின் கைத்திறன் என்றும், அவர்களது கடும் உழைப்பு என்றும் பலர் கூறுவர். என் கருத்து வேறு. திறனும் உழைப்பும் பல நாட்டாரிடம் உண்டு. பழுது கண்ட அந்த நொடியே வேலையை நிறுத்தும் துணிவுதான் அப்புகழுக்கு வேர். அத்துணிவு இருந்த இடத்தில் பெயர் வளர்ந்தது. அது இல்லாத இடத்தில் பெயர் கிழிந்தது. இதை அந்நிறுவனத்தின் வரலாற்றைக் கொண்டே காட்ட விரும்புகிறேன்.

டொயோட்டாவின் கதை காரில் தொடங்கவில்லை, தறியில் தொடங்கியது. சகிச்சி டொயோடா 1867-ஆம் ஆண்டில் ஒரு தச்சருக்கு மகனாகப் பிறந்தவர். வீட்டுத் தறியில் தாய் படும் பாட்டைக் கண்டே அவர் தறியைச் சீர்திருத்தப் புகுந்தார் என்பர். 1891-இல் மரக் கைத்தறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதே சிந்தனை! 1924-இல், மகன் கீச்சிரோவின் துணையோடு, தானியங்கித் தறி ஒன்றை முடித்தார்.

அத்தறியின் சிறப்பு யாது? ஊடை நூல் தீர்ந்தால் ஓட்டம் தடைப்படாமலே புதிய நாடா ஏறிக்கொள்ளும். பாவில் ஓர் இழை அறுந்தாலோ, தறி தானே நின்றுவிடும். சாதாரண விசைத்தறிக்கு இழை அறுந்தது தெரியாது. அது பாட்டுக்கு நெய்துகொண்டே போகும். முழத்துக்கு முழம் குறைத்துணி வந்து குவியும். அதைக் காவல் காக்கத் தறிதோறும் ஆள் வேண்டும். தானே நிற்கத் தெரிந்த தறிக்குக் காவல் வேண்டாம். ஒரே தொழிலாளி முப்பதுக்கும் மேற்பட்ட தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. நிற்கத் தெரிந்ததனாலேயே அந்த யந்திரம் மிகுதியாக நெய்தது என்பது வியப்பன்றோ!

1929-இல் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரத்துப் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் ஒரு லட்சம் பவுன் கொடுத்து இத்தறியின் உரிமையை வாங்கியது. நம் நாட்டுக் கைத்தறியாளனின் வாழ்வைக் குலைத்த லங்காஷயர் சீமை, கீழ்நாட்டுத் தச்சர் மகனிடம் தறிக்காகக் கை நீட்டியது! அடுத்த ஆண்டே சகிச்சி மறைந்தார்.

மகன் கீச்சிரோவுக்கு மோட்டார் ஆசை. 1933-இல் தறித் தொழிற்சாலைக்குள்ளேயே மோட்டார் பிரிவொன்றைத் தொடங்கினார். போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானிலேயே கார்களைப் பூட்டி விற்றுவந்த காலம் அது. 1935-இல் முதல் லாரி வெளிவந்தது. வந்த லாரிகள் வழியிலே நின்றன. நின்றவற்றைத் தேடிச்சென்று செலவின்றிச் செப்பனிட்டுக் கொடுத்தார்கள். பழுதை மறைக்காமல் அதனிடம் பாடம் கேட்டார்கள். 1937-இல் டொயோட்டா மோட்டார் கம்பெனி தனியே பிறந்தது. ‘டொயோடா’ என்ற குடும்பப் பெயருக்கு ‘வளமான வயல்’ என்பது பொருள். அதையே சற்று மாற்றி ‘டொயோட்டா’ என்றாக்கினர். அவ்வாறு எழுதினால் எட்டுக் கோடுகளில் அடங்கும், எட்டு நல்ல எண் என்பது அவர்கள் நம்பிக்கை.

நல்ல எண் நட்டத்தைத் தடுக்கவில்லை. போருக்குப் பின் கம்பெனி கடனில் மூழ்கியது. 1950-இல் ஆட்குறைப்பு வந்தது, வேலைநிறுத்தம் மூண்டது, ஏறத்தாழ இரண்டாயிரம் தொழிலாளர் வெளியேறினர். பொறுப்பைத் தம் தலைமேல் ஏற்றுக் கீச்சிரோவும் பதவி துறந்தார். அதே ஜூன் மாதத்தில் கொரியப் போர் வெடித்தது. அமெரிக்கப் படைக்கு லாரிகள் தேவைப்பட்டன, கம்பெனி பிழைத்தது. அண்டை நாட்டின் கண்ணீரில் இத்தொழில் தழைத்தது என்ற கசப்பான உண்மையையும் இங்கே சொல்லியாக வேண்டும். மறுவாழ்வைக் கண்குளிரக் காணக் கீச்சிரோவுக்குக் கொடுத்துவைக்கவில்லை, 1952-இல் காலமானார்.

இந்த இடத்தில்தான் தறி மீண்டும் கதைக்குள் வருகிறது. டொயோடா நெசவாலையில் பயின்று மோட்டார் கம்பெனிக்கு வந்தவர் தைச்சி ஓனோ. அக்காலத்து மோட்டார் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: கார்கள் வரிசையாக நகரும் தொடர்பாதை எக்காரணத்தாலும் நிற்கலாகாது. திருகாணி தவறினாலும், கதவு கோணலானாலும் போகட்டும், கடைசியில் செப்பனிட்டுக்கொள்ளலாம்! ஓனோ இதைத் தலைகீழாக மாற்றினார். பழுதைக் காணும் எந்தத் தொழிலாளியும் பாதையை நிறுத்தலாம் என்றார். பிற்காலத்தில் தலைக்கு மேலே ஒரு கயிறு தொங்கவிட்டார்கள். கயிற்றை இழுத்தால் விளக்கு எரியும், மேற்பார்வையாளர் ஓடிவருவார். கோளாறு உடனே தீராவிட்டால் பாதை நிற்கும். அறுந்த இழைக்காக நின்ற தறி, இப்போது மனிதர் கையில் கயிறாக மாறியது.

முதல் கோணல் முற்றும் கோணல் என்று நம் பாட்டிமார் சொன்னதைத் தொழிற்சாலையில் நடத்திக் காட்டியவர் ஓனோ. ஆனால் அதன் அருமை வேறிடத்தில் இருக்கிறது. கடைநிலைத் தொழிலாளி கையை உயர்த்தி “இது சரியில்லை” என்று சொன்னால், அதிகாரி அவன்மேல் பாயாமல் பழுதின்மேல் பாய வேண்டும். இது யந்திர மாற்றமன்று; மன மாற்றம்.

கம்பெனியும் ஒருமுறை தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. 1957-இல் ‘கிரௌன்’ காரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஜப்பானியத் தெருக்களுக்கு ஏற்ற அந்த வண்டி, அமெரிக்க நெடுஞ்சாலையின் வேகத்தில் திணறியது, அதிர்ந்தது, சூடேறியது. வீம்புக்கு விற்றுக்கொண்டிராமல் 1960-இல் ஏற்றுமதியை நிறுத்தினர். திரும்பி வந்து திருத்தினர். 1965-இல் ‘கொரோனா’வுடன் மீண்டும் சென்றனர், 1966-இல் ‘கொரோலா’ பிறந்தது. 2021-க்குள் கொரோலா என்ற பெயரில் ஐந்து கோடிக்கும் மேற்பட்ட கார்கள் விற்றன. ஜப்பான் சரக்கு என்றால் மட்டச் சரக்கு என்று நகைத்த உலகம் வாய் மூடியது.

“இதெல்லாம் ஜப்பானியரின் பிறவிக் குணம், மற்றவர்க்கு வராது” என்பாரும் உளர். அவர்களுக்குக் கலிபோர்னியா விடை கூறும். அங்கே பிரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸின் தொழிற்சாலை ஒன்று 1982-இல் மூடப்பட்டது. வேலைக்கு வாராமையும் சண்டையும் மலிந்த இடமென்று அதற்குப் பெயர். டொயோட்டா கூட்டுச் சேர்ந்து 1984-இல் ‘நம்மி’ என்ற பெயரில் அதைத் திறந்தது. வேலைக்கு வந்தவரில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளரே. அவர்களுக்குப் பயிற்சி தந்தனர். கயிற்றையும் கையில் கொடுத்தனர். சில ஆண்டுகளிலேயே அத்தொழிற்சாலையின் தரம் ஜப்பானியத் தரத்தை எட்டிப் பிடித்தது. ஆக, இது இரத்தத்தில் ஓடும் குணமன்று. கொடுத்த உரிமையால் விளைந்த குணம்.

இதுவரை சொன்னது ஒரு பக்கம். நாணயத்தின் மறுபக்கத்தையும் திருப்பிப் பார்ப்போம்.

பாதையை நிறுத்த உரிமை பெற்ற தொழிலாளிக்குத் தன் களைப்பை நிறுத்த உரிமை இருந்ததா? 1972-இல் பருவத் தொழிலாளியாக உள்ளே புகுந்து வேலை பார்த்த சதோஷி கமதா என்ற எழுத்தாளர், அந்த ஓட்டத்தின் கொடுமையை நூலாகவே எழுதினார். 2002-இல் இறந்த ஒரு தொழிலாளி மிகையான உழைப்பினாலேயே மாண்டார் என்று 2007-இல் நகோயா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் பார்த்தது தரம் காக்கும் வேலை! காரின் பழுதுக்கு விளக்கு எரிந்தது. மனிதன் வாடியபோது எந்த விளக்கும் எரியவில்லை.

பிறகு பேராசை வந்தது. 2008-இல் ஜெனரல் மோட்டார்ஸை முந்தி உலகின் முதலிடத்தைப் பிடித்தது டொயோட்டா. அடுத்த ஆண்டு தொடங்கி, மிதியில் மாட்டிக்கொள்ளும் தரைவிரிப்பு, அழுத்தினால் மீளாமல் ஒட்டிக்கொள்ளும் மிதி என்ற குறைகளுக்காக லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. 2010 பிப்ரவரியில், கீச்சிரோவின் பேரன் அக்கியோ டொயோடா அமெரிக்கக் காங்கிரஸின் முன் நின்று மன்னிப்புக் கோரினார். ஆட்களைப் பயிற்றும் வேகத்தை விடக் கம்பெனி வளர்ந்த வேகம் மிகுந்துவிட்டது என்று அவரே ஒப்புக்கொண்டார். மின்னணுக் கோளாறு காரணமன்று என்று 2011-இல் அமெரிக்க அரசின் ஆய்வு தெளிவாக்கியது உண்மையே. ஆயினும் குறைகளைப் பற்றி மக்களுக்குத் தவறான செய்தி தந்ததற்காக 2014-இல் 120 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. மிதி ஒட்டியதற்காக அன்று. வாய் மெய் சொல்லாததற்காக!

அத்தோடு முடிந்ததா? டொயோட்டாவின் துணை நிறுவனமான ஹினோ, தன் லாரி எஞ்சின்களின் புகைக் கணக்கைத் திரித்தது 2022-இல் வெளிப்பட்டது. 2003-இலிருந்தே அது நடந்திருந்தது. மற்றொரு துணை நிறுவனமான டைஹட்சு, மோதல் சோதனை முதலியவற்றில் செய்த முறைகேடுகள் 2023 டிசம்பரில் அம்பலமாயின. 64 வகை வண்டிகள் அதில் சிக்கின. மிகப் பழைய முறைகேடு 1989-ஆம் ஆண்டினது. 2024 ஜனவரியில் டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ் தன் டீசல் எஞ்சின்களின் சோதனை எண்களைத் திரித்த செய்தி வந்தது. அதன் விளைவாக நம் நாட்டிலும் இன்னோவா கிரிஸ்டா, பார்ச்சூனர் வண்டிகளின் விநியோகம் சில நாட்கள் நின்றது. டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ் யார் தெரியுமா, நண்பர்களே? சகிச்சி 1926-இல் தொடங்கிய அதே தானியங்கித் தறிக் கம்பெனி! இழை அறுந்தால் நிற்கும் தறியைச் செய்த அதே வீட்டில், உண்மை அறுந்தபோது எதுவும் நிற்கவில்லை. அவ்வாண்டு ஜூனில் தாய் நிறுவனமான டொயோட்டாவே ஏழு வகைக் கார்களின் சோதனைகளில் முறை தவறியதை ஒப்புக்கொண்டது. அக்கியோ மீண்டும் தலை வணங்கினார்.

இவ்வளவு பெரிய மரபு ஏன் தவறியது? டைஹட்சுவை ஆராய்ந்த குழுவின் அறிக்கையிலேயே விடை உண்டு. புதிய காரை முடிப்பதற்கு நாள் குறித்தாகிவிட்டது. அந்த நாள் தள்ளிப்போகக் கூடாது. சோதனையில் ஒன்று தவறினால் காலமும் பணமும் போகும். “முடியவில்லை” என்று மேலிடத்தில் சொல்லும் சூழ்நிலை இல்லை. தொழிற்கூடத்தில் தொங்கிய கயிறு சோதனைக் கூடத்தில் தொங்கவில்லை! திருகாணி தவறினால் கூவ உரிமை உண்டு. தேதி தவறும் என்று கூவ உரிமை இல்லை. புகழ் பெருகப் பெருக, அப்புகழைக் கெடுக்கும் செய்தியைச் சொல்ல நாக்கு எழாமற் போகிறது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று ஊர் சொல்லச் சொல்ல, செய்பவனும் கண்ணை மூடிக்கொள்கிறான்.

“சில சோதனைகள் சட்டம் கேட்டதை விடக் கடுமையாகவே நடந்தன, கார்களும் பாதுகாப்பானவையே என்று கம்பெனி கூறுகிறதே, இதற்கு ஏன் இத்துணை ஆரவாரம்?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். கார் வாங்குபவன் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதில்லை. மோதிப் பார்ப்பதும் இல்லை. சோதனைத் தாளில் உள்ள கையெழுத்தை நம்பியே மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு புறப்படுகிறான். தாளில் எழுதியபடி சோதனை நடக்கவில்லை என்றால், அவன் நம்பியது எதை? நல்ல காரைப் பற்றிச் சொன்னாலும் பொய் பொய்தான்.

இங்கே பயிலும் நம்மில் பலர் நாளை பொறியாளராவோம், மருத்துவராவோம், கணக்கராவோம். சான்றிதழ்களில் நாமும் கையெழுத்திடுவோம். மேலதிகாரி அவசரப்படுத்துவார், தேதி நெருக்கும், “எல்லாரும் செய்வதுதானே” என்று பக்கத்து நாற்காலி சொல்லும். அப்போது நம் கையில் ஒரு கயிறு இருக்க வேண்டும். நாம் அதிகாரிகளாகும் காலத்தில் நமக்குக் கீழே உள்ளவர் கையிலும் அதே கயிறு இருக்க வேண்டும். முன்னது துணிவு, பின்னது அதனினும் அரிய துணிவு. நம் நாட்டு ஆலைகளும் அலுவலகங்களும் ஜப்பானிய முறைகளைப் பெயர் சொல்லிப் புகழ்கின்றன. சுவரில் அட்டை எழுதி ஒட்டுகின்றன. கயிற்றை இழுத்தவனை அவை எப்படி நடத்துகின்றன என்பதைக் கொண்டே நான் அவற்றை மதிப்பேன்.

டொயோட்டா மீண்டும் நிமிரலாம், முன்பும் நிமிர்ந்திருக்கிறது. அதற்குப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை. சகிச்சியின் தறி இன்றும் நகோயா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன்முன் அதன் தலைவர்கள் சற்றே நின்று, ஓர் இழை அறுந்ததும் அது எப்படி நிற்கிறது என்று பார்த்தால் போதும்.