ஊசி போட்டது அரசு. சான்று தேடுவது மக்களா?

1978இல் தொடங்கிய தடுப்பூசித் திட்டம் இந்நாட்டின் நற்பணிகளுள் ஒன்று என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், அன்று ஊசி பெற்ற பிள்ளை இன்று வளர்ந்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகமோ மருத்துவமனையோ அதற்குச் சான்று கேட்கையில், எங்கே போவது?

அட்டை தாயின் பெட்டகத்தில் இருந்தது. விபரம் சுகாதாரப் பணிமனைப் பதிவேட்டில் இருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே பெயர்ந்து நடந்தது. 2004இல் கடல் கரையூர்களை விழுங்கியது. 2009இல் வன்னி மக்கள் உடுத்த உடையுடன் வெளியேறினர். அட்டையும் போயிற்று; பதிவேடும் போயிற்று. தோளில் தழும்பு உண்டு; தாளில் சான்று இல்லை!

உழவனின் காணி உறுதி தொலைந்தால் பிரதி பெறக் காணிப் பதிவகம் உண்டு. அவன் மகளின் ஊசிப் பதிவுக்கும் அத்தகைய நிலையான காப்பகம் வேண்டாமா?

எஞ்சிய பதிவேடுகளைப் பணிமனைகள் தேடி எடுக்கட்டும். பதிவு அகப்படாதவர்க்குச் சின்னமுத்து, ருபெல்லா எதிர்ப்புச் சக்தி உண்டா என்பதை இரத்தப் பரிசோதனை காட்டும். கருவுற்றோர் நீங்கலாக, ஏனையோர்க்கு அவ்வூசியை மீளப் போடுவதிலும் பொதுவில் தீங்கில்லை. அச்செலவை அகதியாய் அலைந்தவர் தலையில் கட்டுவது நீதியா?

நாம் சலுகை கேட்கவில்லை. அரசு தன் கையால் செய்த பணிக்கு அரசே சான்று பகர வேண்டும் என்றே கேட்கிறோம்.