9 பேரை வாங்கியாச்சு. நம்ம ஊர்ப் பையன் ஒருத்தர்கூட இல்லை!

சென்னை கிரிக்கெட் அணி ஏலத்தில் நடப்பது என்ன?

சென்னை:

மஞ்சள் பனியனை மாட்டிக்கொண்டு சேப்பாக்கத்துக்குப் போகிற கூட்டம் நம்ம ஊர்க் கூட்டம். பறக்கும் ரயில் பிதுங்கி வழியும். ஆனால் மைதானத்தில் இறங்குகிற 11 பேரில் நம்ம ஊர்க்காரர் எத்தனை பேர்?

2025-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி அபுதாபியில் ஐ.பி.எல். ஏலம் நடந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் கையில் இருந்தது ரூ.43 கோடியே 40 லட்சம். வாங்கியது 9 பேர். மேற்கு இந்தியத் தீவு, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, உத்தரப்பிரதேசம், ராஜஸ்தான், மும்பை என்று எல்லா ஊருக்கும் இடம் கிடைத்தது. தமிழ்நாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை. ஏலத்துக்கு முன்பு கைவசம் வைத்துக்கொண்டவர்களில் தமிழ்நாட்டு அணிக்கு ஆடுபவர் குர்ஜப்னீத் சிங் ஒருவர்தான். அவரும் கிரிக்கெட்டுக்காக வடக்கே இருந்து இங்கே வந்தவர்.

2 பேருக்கு ரூ.28 கோடி!

அந்த ஏலத்தில் பரபரப்பைக் கிளப்பியவர்கள் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்கள். இருவருமே இந்திய அணிக்கு ஆடாதவர்கள். ஆரம்ப விலை தலா ரூ.30 லட்சம். சென்னை கொடுத்தது தலா ரூ.14 கோடியே 20 லட்சம். கையில் இருந்த பணத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு இந்த இருவருக்கே போய்விட்டது.

ஏன் இந்த விலை? காசிமேட்டில் வஞ்சிரம் ஏலம் விடுவதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். மீன் எவ்வளவு நல்ல மீன் என்பது மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. அதே மீன் வேண்டும் என்று எத்தனை பேர் நிற்கிறார்கள், அவர்கள் மடியில் எவ்வளவு பணம் மிச்சம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியது சென்னை. ஜடேஜா போன இடத்துக்கு, இடது கையால் சுழற்பந்து போட்டு, கீழே வந்து அடிக்கிற ஓர் ஆள் தேவைப்பட்டார். பிரசாந்த் வீர் அந்த ரகம். விடவே கூடாது என்று கை தூக்கினார்கள். விலை ஏறிக்கொண்டே போனது.

இதில் தப்பு சொல்ல முடியாது. 2025 சீசனில் சென்னை கடைசி இடத்துக்குப் போயிற்று. அந்த அணிக்கு அப்படி ஒரு நிலை அதுவரை வந்ததே இல்லை. வயசான ஆட்டக்காரர்களை நம்பியது போதும், இளசுகளைப் பிடிப்போம் என்று முடிவு செய்தார்கள். சரிதான். ஆனால் இளசுகள் மலிவாகக் கிடைத்தபோது இவர்கள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

சேப்பாக்கத்திலேயே அடித்தார்!

2021-ல் தமிழ்நாடு பிரிமியர் லீக் ஆட்டங்கள் முழுவதும் சேப்பாக்கத்தில்தான் நடந்தன. கோவை அணிக்கு ஆடிய சென்னைப் பையன் சாய் சுதர்சன் 358 ரன் குவித்தார். மறு வருஷம் பிப்ரவரியில் பெங்களூரில் பெரிய ஏலம். சாய் சுதர்சனை குஜராத் வாங்கியது. விலை ரூ.20 லட்சம். அதாவது ஆரம்ப விலை. வேறு யாருமே போட்டிக்கு வரவில்லை என்று அர்த்தம்.

அதே ஏலத்தில் தீபக் சாஹருக்கு சென்னை கொடுத்தது ரூ.14 கோடி. பாவம், காயம் காரணமாக அந்த சீசனில் அவர் ஒரு பந்துகூடப் போடவில்லை.

2023 இறுதி ஆட்டத்தில் இதே சாய் சுதர்சன் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96 ரன் விளாசினார். கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா ஒரு சிக்சர், ஒரு பவுண்டரி அடித்திராவிட்டால் கோப்பை நம்ம ஊருக்கு வந்திருக்காது. 2025-ல் 759 ரன்னுடன் ஐ.பி.எல்.லிலேயே அதிக ரன் எடுத்தவரும் அவர்தான்.

ஜெகதீசன் கதை இன்னும் வேடிக்கை. 2018-ல் இருந்து சென்னை அணியில் இருந்தார். விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட வாய்ப்பு கிடைத்தது. 2022 நவம்பரில் விடுவித்தார்கள். அதே மாதம் விஜய் ஹசாரே போட்டியில் அருணாச்சலத்துக்கு எதிராக 277 ரன்! கொல்கத்தா ரூ.90 லட்சம் கொடுத்து அழைத்துக்கொண்டது.

அடையாறில் பள்ளிக்கூடம் படித்த வருண் சக்கரவர்த்தி பஞ்சாப் போய், கொல்கத்தா போனார். வாஷிங்டன் சுந்தர் புனே, பெங்களூர், ஐதராபாத், குஜராத் என்று சுற்றி வருகிறார். தினேஷ் கார்த்திக் 6 அணிக்கு ஆடி ஓய்வும் பெற்றுவிட்டார். சென்னைக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

மும்பை பின்வாங்கியது ஏன்?

தினேஷ் கார்த்திக் விஷயம் 2008-ல் நடந்தது. முதல் ஏலத்துக்கு முன், சென்னை தன்னைத்தான் எடுக்கும் என்று நினைத்திருந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சென்னை எடுத்தது டோனியை. விலை 15 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் சுமார் ரூ.6 கோடி. ஒரு அணி மொத்தமே 50 லட்சம் டாலர்தான் செலவழிக்கலாம்.

சென்னைக்காக ஏலம் கேட்டவர்களில் முக்கியமானவர் வி.பி.சந்திரசேகர். மயிலாப்பூர்வாசி. 1988-ல் சேப்பாக்கத்தில் இரானி கோப்பை ஆட்டத்தில் 56 பந்தில் சதம் அடித்தாரே, அவரேதான். 2019-ல் காலமானார். மும்பையும் டோனியை விடாமல் கேட்டது. ஆனால் அங்கே டெண்டுல்கர் 'நட்சத்திர வீரர்'. அணியில் யார் அதிக விலையோ, அவரைவிட 15 சதவீதம் கூடுதலாக அவருக்குத் தரவேண்டும் என்பது விதி. டோனிக்கு ஏற ஏற டெண்டுல்கருக்கும் ஏறும். இரண்டு பேருக்கே பணப்பை காலி! சென்னைக்கு அப்படி ஒரு நட்சத்திர வீரர் கிடையாது. நிம்மதியாகக் கேட்டார்கள்.

அந்த ஆரம்ப காலத்தில் இன்னொரு விதியும் இருந்தது. அணியில் குறைந்தது 4 பேர் அந்தந்த வட்டார ஆட்டக்காரராக இருக்க வேண்டும். பத்ரிநாத், பாலாஜி எல்லாம் இப்படி வந்தவர்கள்தான். ஐ.பி.எல்.லில் முதல் ஹாட்ரிக் எடுத்தவர் பாலாஜி. 2011 இறுதி ஆட்டத்தில் முரளி விஜய் 95 ரன்; மேற்கு மாம்பலம் அஸ்வின் முதல் ஓவரிலேயே கெயிலை முட்டையோடு அனுப்பினார். அன்று ஆடிய 11 பேரில் 3 பேர் தமிழ்நாடு.

பிறகு வட்டார விதி போய்விட்டது. அதோடு கட்டாயமும் போயிற்று.

கோப்பை வந்ததே என்று கேட்பார்கள். உண்மை. 2018, 2021, 2023 மூன்று கோப்பையும் பெரும்பாலும் வெளியூர் ஆட்டக்காரர்களை வைத்து வந்ததுதான். உள்ளூர்க்காரர் என்பதற்காக யாரையும் சுமக்கச் சொல்லவில்லை. 2024 ஏலத்தில் அஸ்வினை ரூ.9 கோடியே 75 லட்சம் கொடுத்துத் திரும்ப அழைத்தார்கள். 9 ஆட்டத்தில் 7 விக்கெட். அவ்வளவுதான். ஆகஸ்டில் அவர் ஐ.பி.எல்.லுக்கே விடை கொடுத்துவிட்டார். உள்ளூர்க்காரரை வாங்குவதென்றால் 38 வயசில் வாங்குவதா?

அந்தக் கால ஏலம்!

ஐ.பி.எல். வருவதற்கு முன்பும் இந்த ஊரில் ஆட்டக்காரர்களுக்குப் போட்டி இருந்தது. ஸ்டேட் பாங்க், இந்தியா பிஸ்டன்ஸ், கெம்பிளாஸ்ட், இந்தியா சிமெண்ட்ஸ் போன்றவை நன்றாக ஆடும் பையனைக் கூப்பிட்டு வேலை கொடுத்தன. லீக் ஆட்டத்தை நேரில் பார்த்து ஆள் பிடிப்பார்கள். மாதச் சம்பளம், பிராவிடண்ட் பண்டு. அந்தப் பையன் தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தில் ரப்பர் பந்து ஆடினவனா, மயிலாப்பூர் பி.எஸ். பள்ளி மைதானத்தில் வளர்ந்தவனா என்பது வரைக்கும் தெரிந்து வைத்திருப்பார்கள்.

இந்தியா சிமெண்ட்ஸ்தான் 2008-ல் 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு சென்னை அணியையும் வாங்கியது.

இப்போதும் அப்படிப் பார்க்கிற கண் இல்லாமல் போகவில்லை. 2023 பிப்ரவரியில் மகாபலிபுரத்தில் தமிழ்நாடு பிரிமியர் லீக்கின் முதல் ஏலம் நடந்தது. ஒரு அணிக்கு மொத்தமே ரூ.70 லட்சம்தான். அதில் சாய் சுதர்சன் ஒருவருக்கு மட்டும் கோவை கொடுத்தது ரூ.21 லட்சத்து 60 ஆயிரம். அப்போது அவருக்கு ஐ.பி.எல்.லில் குஜராத் கொடுத்துக்கொண்டிருந்தது ரூ.20 லட்சம்.