பழைய டீசல் கார் யாருக்குத் தகும்?

டீசல் கார் சிக்கனமானது என்ற அபிப்பிராயம் நம் நாட்டில் எப்படி வேரூன்றியது என்பதை நினைவுபடுத்திக்கொள்வது, அத்தகைய கார் ஒன்றைப் பழையதாக வாங்கலாமா என்று இப்போது யோசிப்பவர்களுக்குப் பிரயோஜனப்படும். 2012-ஆம் ஆண்டை ஒட்டிப் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு ஏறக்குறைய 30 ரூபாய் வித்தியாசம் இருந்தது. விவசாயியின் பம்புசெட்டையும் லாரிக்காரரின் வாடகையையும் உத்தேசித்து அரசாங்கம் தாழ்த்தி வைத்திருந்த விலையின் நிழலில் கார்க்காரர்களும் சௌகரியமாக ஒதுங்கிக்கொண்டார்கள். 2013 ஜனவரி முதல் மாதந்தோறும் 50 காசு அளவில் விலையை ஏற்றிவந்து, 2014 அக்டோபரில் கட்டுப்பாட்டையே அரசாங்கம் நீக்கிய பிறகு அந்த நிழல் சுருங்கி, இப்போது சென்னையில் வித்தியாசம் சுமார் 8 ரூபாய் என்ற அளவில் வந்து நிற்கிறது. ஆயினும் டீசல் என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் மலரும் சம்சாரிகள் இன்னும் அநேகம் பேர் இருக்கிறார்கள். கார் கன்சல்டிங் நடத்துவோரும் அந்த மலர்ச்சியை நன்றாக அறிந்தே வைத்திருக்கிறார்கள்.

கணக்கை நேராகவே போட்டுப் பார்க்கலாம். ஒரே வடிவுள்ள இரண்டு கார்களில் பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டரும் டீசல் கார் 20 கிலோமீட்டரும் ஓடுவதாக வைத்துக்கொண்டால், இன்றைய விலையில் டீசலினால் மிச்சமாவது கிலோமீட்டருக்குச் சுமார் 2 ரூபாய். மாதம் 500 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு ஆண்டில் 12,000 ரூபாயும், 1,500 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு 36,000 ரூபாயும் கையில் நிற்கும். முதலாமவருடைய காரில் ஒருநாள் நான்கு இன்ஜெக்டர்களையும் புதிதாக மாற்ற நேர்ந்தால், அவர் நான்கு வருஷம் சேர்த்த மிச்சம் அன்று மாலைக்குள் ஒர்க்‌ஷாப் பில்லில் கரைந்துபோகும். இரண்டாமவர் அதே செலவை ஒன்றரை வருஷத்தில் ஈடுசெய்துவிட்டு, அதன்பின் லாபத்திலேயே ஓடிக்கொண்டிருப்பார். ஆகவே பழைய டீசல் கார் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குப் பொதுவாகப் பதில் சொல்வது வீண். திருநெல்வேலியிலிருந்து வாரந்தோறும் மதுரைக்குப் போய்வருகிற வியாபாரிக்கும், மாம்பலத்திலிருந்து மயிலாப்பூருக்கு மட்டும் காரை எடுக்கும் ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தருக்கும் ஒரே விடை பொருந்தாது.

தூரத்தைப் போலவே பாதையும் முக்கியம் என்பதற்கு யந்திரத்தின் சுபாவமே காரணம். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி கொடுத்து எரிக்கிறோம்; ருடால்ப் டீசல் 1897-ல் ஜெர்மனியில் ஓட்டிக் காட்டிய யந்திரத்தின் வழிவந்த எஞ்சின்களிலோ, காற்றைப் பதினாறில் ஒரு பங்கு முதல் இருபத்திரண்டில் ஒரு பங்கு வரையில் ஒடுக்கி, அந்த ஒடுக்கத்தில் பிறக்கும் உஷ்ணத்திலேயே எண்ணெயைப் பற்றவைக்கிறோம். அத்தனை அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் டீசல் எஞ்சினைக் கனமாகவும் உறுதியாகவும் செய்கிறார்கள். சரியாகப் பராமரித்தால் அது நெடுநாள் உழைக்கும். ஆனால் எரிபொருளின் சக்தியில் அதிகப் பங்கை உழைப்பாக மாற்றிவிடுவதனால் வீணாகும் உஷ்ணம் அதற்குக் குறைவு. முழுச் சூடு ஏறுவதற்குக் கொஞ்சம் தூரம் ஓடியாக வேண்டும். காய்கறிக் கடைக்கும் பள்ளிக்கூட வாசலுக்குமாக, சூடு ஏறுமுன் நிறுத்தி நிறுத்தி எடுக்கும் வண்டியில் புகைக்கரி வெளியேறாமல், புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பிவிடும் ஈ.ஜி.ஆர். வால்விலும் டர்போவின் இதழ்களிலும் படிந்துகொண்டே வருகிறது. நகரத்தில் கொஞ்சமாகவே ஓடியது என்று மெச்சி வாங்கும் வண்டிதான் சில சமயம் உள்ளே அதிகமாகக் கெட்டுப்போயிருக்கும். 40,000 கிலோமீட்டர் ஓடிய நகரத்து வண்டியைக் காட்டிலும் நெடுஞ்சாலையில் ஒரு லட்சம் ஓடிய வண்டியை நான் நம்புவேன்.

இனி எந்தக் காலத்து வண்டியை நாடுவது என்பது. பழைய டீசல் கார்களை மூன்று தலைமுறைகளாக எண்ணலாம். முதல் தலைமுறை, எலக்ட்ரானிக்ஸ் ஏதுமில்லாமல் மெக்கானிக்கல் பம்பினால் ஓடியவை: 1,489 சி.சி. எஞ்சின் பூட்டிய டீசல் அம்பாசடர், 1998 டிசம்பரில் வெளிவந்த டாடா இண்டிகா, 2000 முதல் 2005 வரையில் விற்ற டொயோட்டா குவாலிஸ் முதலியன. இவற்றின் எளிமை மெச்சத்தக்கது. பம்பு, நாசில் வேலை தெரிந்த எவரும் கம்ப்யூட்டர் இல்லாமலே சரிசெய்துவிடுவார். ஆனால் குவாலிஸில் ஆகப் புதியதற்கே 20 வயதாகிவிட்டது. 15 வயது கடந்த காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி வேறு. ஆசைக்காக வைத்துக்கொள்வோர் வைத்துக்கொள்ளட்டும், நித்திய உபயோகத்துக்கு இவற்றை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மூன்றாம் தலைமுறை, 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகள், புகைக்குழாயில் கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டியோடு வருபவை. நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்கு இவை உத்தமம். நகரத்துக்குள்ளேயே சுற்றுகிறவருக்கோ, வடிகட்டி அடைத்து மஞ்சள் விளக்கு எரியும்போதெல்லாம் காரை ஊருக்கு வெளியே ஓட்டிச் சென்று கரியை எரித்துவர வேண்டிய விரதம் ஒன்று தலையில் விழும்.

இவ்விரண்டுக்கும் நடுவே இரண்டாம் தலைமுறையாக நிற்கும், எண்ணெய்ப் பாய்ச்சலைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காமன்ரெயில் வண்டிகளிலேதான், அதிலும் 2010-க்கும் 2019-க்கும் இடையில் விற்றவற்றிலேதான், சாமானியர் தேட வேண்டியது கிடைக்கிறது. இவற்றுள் விசேஷமாகச் சொல்லத்தக்கது பியட் கம்பெனி வகுத்த 1,248 சி.சி. எஞ்சின். 2007-ல் மாருதி ஸ்விப்டில் புகுந்து, பிறகு டிசையர், ரிட்ஸ், எர்டிகா, டாடா விஸ்டா, மான்சா, பியட்டின் புன்டோ, லீனியா என்று ஒரே எஞ்சின் இத்தனை கார்களில் இடம்பெற்றதனால், இந்தியாவின் தேசிய எஞ்சின் என்று வேடிக்கையாக அதற்குப் பெயரே வந்துவிட்டது. 2,000 சுற்றுக்குக் கீழே அது சற்று மந்தம். டர்போ விழித்துக்கொண்ட பிறகு சுறுசுறுப்பு. ஆயிலைக் காலத்தில் மாற்றாமல் விட்டால் டைமிங் செயின் தளர்ந்து கலகலக்கும். இத்தகைய குணதோஷங்கள் எல்லாம் ஊர்தோறும் மெக்கானிக்குகளுக்கு மனப்பாடம் என்பதுதான் அந்த எஞ்சினின் பெரிய யோக்கியதை. குடும்பம் பெரிதாயின் 2,494 சி.சி. இன்னோவா உண்டு, ஆனால் அதன் கீர்த்தி விலையிலும் ஏறியிருப்பதனால், வயதுக்குத் தகுந்த விலையில் நல்ல இன்னோவா கிடைப்பது துர்லபம்.

காரைத் தேர்ந்தெடுக்குமுன் மெக்கானிக்கைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் சொல்வது அதனாலேயே. நாமக்கல், சங்ககிரி போன்ற லாரித் தொழில் ஊர்களில் இன்ஜெக்டரைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துப் பரிசோதித்துத் தரும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. சென்னையில் புதுப்பேட்டை இருக்கிறது. சிற்றூரில் இருப்பவர் அபூர்வமான ஒரு காரை மலிவாக வாங்கிவிட்டு, சென்சார் ஒன்று பழுதானால் அதற்காக 100 மைல் கட்டியிழுத்துக்கொண்டு போவதில் என்ன சிக்கனம் இருக்கிறது? கம்பெனியே கடையைக் கட்டிவிட்ட கார்களின் கதை வேறு. மறைமலைநகரில் ஃபிகோவையும் ஈக்கோஸ்போர்ட்டையும் செய்துவந்த போர்டு கம்பெனி இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021-ல் அறிவித்தது. பியட்டும் செவர்லேயும் அதற்கு முன்பே விற்பனையை முடித்துக்கொண்டன. இவற்றின் டீசல் எஞ்சின்கள் தரமானவை, விலையும் சரிந்து கிடக்கிறது. லீனியாவின் எஞ்சினுக்கு உதிரிபாகம் எங்கும் அகப்படும். உடைந்துபோன ஹெட்லைட்டுக்கும் கதவுக் கண்ணாடிக்குமல்லவா அலைய வேண்டியிருக்கிறது! புது மாருதியின் விலைக்குப் பத்து வயதுள்ள ஜெர்மன் சொகுசுக் கார் கிடைக்கிறதே என்று மயங்குவோர், விலை இறங்கினாலும் அதன் உதிரிபாகங்களின் விலை இறங்குவதில்லை என்பதை மட்டும் விசாரித்துக்கொண்டால் போதும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது, தான் வருமுன் எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லிவைத்துவிட்டுக் காலையில் போக வேண்டும். போனவுடன் பானட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், விற்கிறவர் ஏதோ ஒன்றை மறைக்க விரும்பினார் என்று கொள்வதில் பிழையில்லை. நம் தேசத்து வெயிலில், ஹீட்டர் விளக்கு அணைந்த பின்பும் செல்ஃப் நெடுநேரம் சுற்றித்தான் எஞ்சின் பிடிக்கிறது என்றால் கம்ப்ரஷனோ நாசிலோ பலவீனப்பட்டிருக்கிறது. புகை ஒரு கணம் வெண்மையாக வந்து மறைவது தோஷமல்ல. மறையாமல் டீசல் வாசனையோடு தொடர்ந்தால் இன்ஜெக்டர் வேலை. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, அதாவது ரிங்கோ டர்போவோ போய்விட்டது. மிதிக்கும்போது கரும்புகை கக்கினால் காற்றுக் குறைவு அல்லது எண்ணெய் மிகுதி. பிறகு எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே புகை குபுகுபுவென்று தள்ளினால் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்லும் வியாதி அது. அதைக் கண்டபின் பேரம் பேசுவதே அநாவசியம், எஞ்சினையே பிரித்துப் போட வேண்டியிருக்கும். கூலன்ட் டப்பாவில் ஆயில் படலம் மிதக்கிறதா என்பதையும், நான்காவது கியரில் மெதுவாகப் போய்த் திடீரென்று மிதிக்கும்போது எஞ்சின் மட்டும் கூவி வண்டி பின்தங்குகிறதா என்பதையும் பார்த்துவிட்டால், கேஸ்கட்டும் கிளட்சும் தம் நிலைமையைச் சொல்லிவிடும்.

மீட்டரில் தெரியும் எண்ணை மாத்திரம் நம்பக் கூடாது. டி போர்டில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் உழைத்த வண்டியை ஓன் போர்டாக மாற்றி, மீட்டரைக் குறைத்து, ‘டாக்டர் வண்டி, சிங்கிள் ஓனர்’ என்று விற்பது இத்தொழிலில் வெகுகாலமாக நடந்துவருகிறது. பெடல் ரப்பரின் தேய்மானமும், டிரைவர் சீட்டின் அமுக்கமும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கம்பெனி சர்வீஸ் பதிவேடும் பொய் சொல்வதில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் நீரில் மூழ்கிய கார்களில் எத்தனையோ வண்டிகள் பாலிஷ் ஏறி மறுபடியும் சந்தைக்கு வந்திருக்கின்றன. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து அதன் அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி இருக்கும் குழியையும் சீட்டுக்கு அடியிலுள்ள போல்ட்டுகளையும் பாருங்கள். மெக்கானிக்கல் பம்பு காலத்து வண்டியாயின் நீரைத் துடைத்துவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். காமன்ரெயில் வண்டியில் கம்ப்யூட்டரின் கனெக்டர்களுக்குள் புகுந்த ஈரம் பல மாதம் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும்.

டெல்லியிலிருந்து வரும் டீசல் கார்களைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து வயது கடந்த டீசல் வாகனங்கள் தலைநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் இட்ட உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதிசெய்ததிலிருந்து, அங்கே விலைபோகாத வண்டிகள் தெற்கே இறங்கத் தொடங்கின. என்.ஓ.சி., மறுபதிவு, ஆயுள் வரி ஆகிய படிகளையெல்லாம் ஏறி முடித்தபின் மலிவில் எவ்வளவு மிஞ்சும் என்பதைத் தரகர் சொல்ல மாட்டார். வயதை மட்டும் அளவுகோலாகக் கொண்ட அந்த விதி நியாயமானதென்று எனக்குத் தோன்றவில்லை. வயதை மட்டும் வைத்து நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றமே 2025 ஆகஸ்டில் இடைக்கால உத்தரவு போட்டதைப் பார்த்தால், இந்த விவாதம் அடங்கவில்லை என்பது தெரிகிறது. அதற்காக, பழைய வண்டியின் புகையை யாரும் கேட்கக் கூடாது என்று வாதிப்பதும் தர்மமாகாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. வேண்டுவது வயதுத் தடை அல்ல, மெய்யான பரிசோதனை. குழாயில் கருவியை ஒப்புக்கு நுழைத்துவிட்டுப் புகைச் சான்றிதழை அச்சடித்துக் கொடுக்கும் இடங்கள் இருக்கிற வரையில், நன்றாகப் பராமரித்த 12 வயது வண்டியும் கரியைக் கக்கும் 6 வயது வண்டியும் ஒரே சான்றிதழோடு ஒரே சாலையில் போய்க்கொண்டிருக்கும்.

இவ்வளவையும் பார்த்து ஒருவர் வண்டியை எடுத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். விலையில் பத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவைத்துக்கொண்டு, முதல் வாரத்திலேயே ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் நான்கையும் மாற்றுவது உசிதம்; பெல்ட் உள்ள எஞ்சினாயின், பழையவர் மாற்றியதற்கு பில் காட்டினாலன்றி, டைமிங் பெல்ட்டையும் மாற்றிவிட வேண்டும். ஆர்.சி. மாற்றத்துக்கான 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்து வாங்கியதோடு நிறுத்தாமல், இன்ஷூரன்ஸையும் 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்க வேண்டும். டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை, மழைக்காலத்தில் முக்கியமாக, அவ்வப்போது வடித்துவிடச் சொல்லி மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டால், இன்ஜெக்டர்களின் ஆயுள் அதனாலேயே பெரிதும் நீளும்.