வேலை உத்தரவா, வெறும் காகிதமா?

தோழர்களே! மில் தொழிலாளியின் மகனும் விவசாயக் கூலியின் மகளும் இன்று கடன்பட்டு இன்ஜினீயரிங் படிக்கிறார்கள். கடைசி வருஷத்தில் சாப்ட்வேர் கம்பெனிகள் கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்கின்றன. முதலில் கணக்குப் பரீட்சை, அடுத்து, கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் பரீட்சை, பிறகு இண்டர்வியூ. தேறினால் ஆஃபர் கடிதம். வீட்டில் பாயசம் வைக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கடிதம் வேலை அல்ல!

2023 பிப்ரவரியில் விப்ரோ என்ன செய்தது? வருஷத்துக்கு 6.5 லட்சம் என்று சொல்லித் தேர்ந்தெடுத்த பட்டதாரிகளிடம், 3.5 லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது. இன்போசிஸ், 2022-ல் தேர்ந்தெடுத்த பலரை இரண்டு வருஷத்துக்கு மேல் காக்கவைத்து 2024-ல் சேர்த்தது. 2025 பிப்ரவரியில் மைசூர் பயிற்சி நிலையத்திலிருந்து 300 பேருக்கு மேல் வெளியேற்றியது. மூன்று தடவை வாய்ப்புக் கொடுத்தும் உள் பரீட்சையில் தேறவில்லை என்பது கம்பெனியின் பதில். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். இண்டர்வியூவில் தகுதியாகத் தெரிந்த பிள்ளைகளைச் சும்மா உட்காரவைத்து, படித்ததை மறக்கச் செய்தது யார்?

மில் கேட்டில் பதிலித் தொழிலாளி காத்து நிற்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சட்டை மட்டும் வெள்ளை!

பிள்ளைகள் இண்டர்வியூவுக்கு நன்றாகப் படித்துப் போகட்டும். கூடவே அவர்களும் நான்கு கேள்வி கேட்கட்டும். சேரும் தேதி எது? கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு? பயிற்சியில் தவறினால் என்ன? இடையில் விலகினால் பணம் கட்டவேண்டுமா? பதிலை எழுத்தில் வாங்கட்டும். ஒருவன் கேட்டால் திமிர் என்பார்கள். வகுப்பே சேர்ந்து கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். சங்கம் கட்டிய நமக்கு இது தெரியும். பிள்ளைகளுக்கும் சொல்லுவோம்.