காத்திருக்கும் நாட்களுக்கும் முதல் வேண்டும்

தம்மம்பட்டி வட்டாரத்திற்கு மரவள்ளி புதிய பயிர் அன்று. கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே, சுவேத நதிப் படுகையில் அமைந்த இப்பகுதியின் விவசாயிகள் குச்சிக்கிழங்கைப் பயிரிட்டு, தோண்டி, லாரியில் ஏற்றி, சேகோ ஆலையில் பாயிண்ட் பார்த்து விற்பதில் நீண்ட அனுபவம் உள்ளவர்கள். கிழங்கு விலை சரியும்போதெல்லாம், அதைச் சிப்ஸாகவோ, மாவாகவோ, வடகமாகவோ மாற்றித் தாங்களே விற்றால் என்ன என்ற எண்ணம் அவர்களுக்கு எழுவது இயற்கையே. படித்த இளைஞர்களும் மகளிர் குழுவினரும் இம்முயற்சியில் ஆர்வம் காட்டுவது வரவேற்கத்தக்கது.

ஆனால், இயந்திரம் என்ன விலை, மானியம் எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளுடன் பெரும்பாலும் ஆலோசனை முடிந்துவிடுகிறது. மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. இன்று கிழங்குக்கும் எண்ணெய்க்கும் கூலிக்கும் கொடுத்த பணம் எத்தனை நாள் கழித்துக் கைக்குத் திரும்பும்? நல்ல சரக்கைச் செய்தும் சிறு தொழில் நொடிப்பதற்கு, இந்த நாட்களைக் கணக்கில் கொள்ளாததே முக்கியக் காரணம். வீட்டு நகை அடகுக்குப் போவதும், நிலப் பத்திரம் கைமாறுவதும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

சேகோ தொழில் தந்த பாடம்

இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. மீன் வணிகத்தின் பொருட்டுக் கேரளம் சென்றுவந்த சேலம் மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா என்பவரின் அனுபவத்தைத் துணையாகக் கொண்டு, 1943-ஆம் ஆண்டு மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கும் தொழிலைச் சேலத்தில் தொடங்கினார். உலகப் போரினால் மலேயாச் சரக்கு வராமல் நின்றிருந்த காலம் அது. தொழில் வேகமாகப் பரவியது. தயாரிக்கும் முறையும் விரைவிலேயே கைவந்தது.

கைவராதது விற்பனையே. மரவள்ளிக் கிழங்கு தோண்டிய இரண்டு மூன்று நாட்களிலேயே கெடத் தொடங்கும். ஆகவே அறுவடைப் பருவத்தில் வந்து குவிவதை உடனே அரைத்தாக வேண்டும். ஜவ்வரிசியை அதிகம் உண்போரோ மகாராஷ்டிரம் முதலிய வட மாநிலத்தவர். அங்கு நோன்பு நாட்களை ஒட்டியே தேவை கூடும். இடைப்பட்ட நாட்களில் சரக்கை வைக்கக் கிடங்கு வேண்டும். அதுவரை விவசாயிக்கும் தொழிலாளிக்கும் கொடுக்கப் பணம் வேண்டும். இரண்டும் இல்லாத சிறு ஆலைக்காரர், வியாபாரி சொன்ன விலைக்குச் சரக்கைத் தள்ளிவிட வேண்டியதாயிற்று.

இந்த நிலையை மாற்றவே 1981-ஆம் ஆண்டு ‘சேகோசர்வ்’ என்று அழைக்கப்படும் உற்பத்தியாளர் தொழிற் கூட்டுறவு சங்கம் சேலத்தில் அமைந்தது. உறுப்பினர்களின் சரக்கைக் கிடங்கில் வைத்து, அதன் பேரில் முன்பணம் கொடுத்து, ஒப்பந்தப்புள்ளி முறையில் விற்றுத் தருவது அதன் முக்கியப் பணி. சங்கம் ஜவ்வரிசி செய்யும் முறை எதையும் புதிதாகக் கற்றுக்கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காத்திருக்கும் நாட்களைத் தாங்கும் சக்தியையே சிறு ஆலைகளுக்குக் கொடுத்தது. 2023-ஆம் ஆண்டு சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் விலையை உயர்த்தலாம். ஆனால் பணம் வரும் நாளை அது தானாக முன்னுக்குக் கொண்டுவராது.

ஒரு சிறு கணக்கு

நாள்தோறும் 25 கிலோ சிப்ஸ் தயாரிக்கும் ஒரு குடும்பத் தொழிலை எடுத்துக்கொள்வோம். கிழங்கு, எண்ணெய், எரிபொருள், வெளியாள் கூலி, பை, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 5,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். சரக்கு தயாராக 2 நாள், இருப்பில் 8 நாள், கடைக்காரர் பணம் தர 20 நாள். ஆக 30 நாள். இத்தொழில் நிற்காமல் ஓட 1,50,000 ரூபாய் எப்போதும் முடங்கியே இருக்க வேண்டும். இது இயந்திரத்தின் விலைக்கு அப்பாற்பட்டது.

கடைக்காரர் 20 நாளுக்குப் பதில் 40 நாள் தவணை கேட்டால், தேவை 2,50,000 ரூபாயாகிறது. ஒரு கிலோ கூட அதிகம் விற்காமலே ஒரு லட்சம் ரூபாய் கூடுதலாகத் தேடியாக வேண்டும். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்கினால் மாதம் 2,000 ரூபாய் வட்டிக்கே போகும். மற்றொன்று: வியாபாரம் நன்றாக நடக்கிறதென்று உற்பத்தியை இரு மடங்காக்கினால் முடங்கும் பணமும் இரு மடங்காகும். நன்றாக ஓடும் தொழில் திடீரெனத் தடுமாறுவதன் மர்மம் இதுதான்.

அடக்க விலையிலும் இதே கவனம் தேவை. மேற்சொன்ன 5,000 ரூபாயை 25 கிலோவால் வகுத்தால் கிலோ 200 ரூபாய் ஆகிறது. 230 ரூபாய்க்கு விற்றால் 30 ரூபாய் இலாபம் என்று தோன்றும். ஆனால் வீட்டார் இருவரின் உழைப்புக்கு 1,000 ரூபாய் கூலி எழுத வேண்டும். 1,80,000 ரூபாய் இயந்திரம் ஆண்டுக்கு 300 நாள் வீதம் 5 ஆண்டு உழைக்குமென்றால், தேய்மானம் நாளுக்கு 120 ரூபாய். மொத்தம் 6,120 ரூபாய். கிலோவுக்கு ஏறத்தாழ 245 ரூபாய். இலாபம் என்று எண்ணியது உண்மையில் 15 ரூபாய் நட்டம். வீட்டார் உழைப்பைக் கணக்கில் எழுதாதவர் தம் கூலியைத் தாமே வாங்குபவருக்குத் தள்ளுபடி செய்கிறார்.

மரச்சிற்பக் கூடத்திலும் இதுவே

தம்மம்பட்டிக்கு வெளியூர்களில் பெயர் வாங்கித் தந்தது மரச்சிற்பம். அங்கும் இதே கணக்குத்தான். வாகை மரத்தை வாங்கி ஈரம் போக உலர்த்த வேண்டும். அவசரப்பட்டால் பின்னர் வெடிப்பு விடும். பெரிய சிற்பம் முடிய வாரங்கள் ஆகும். விற்பனை நிலையத்தில் வைத்த பின்னும் விற்றால்தான் பணம் என்றால், மரத்திற்குக் கொடுத்த காசு திரும்பப் பல மாதங்கள் செல்லும். ஆகவே ஆர்டர் வேலைக்கு மரத்தின் விலையையாவது முன்பணமாகப் பெறுவது நியாயம். அதைக் கேட்பதில் கூச்சம் கூடாது.

நாட்களைக் குறைக்கும் வழி

முதலாவது, இயந்திரம் வாங்குமுன் சந்தையைப் பார்க்க வேண்டும். வீட்டுச் சட்டியில் சிறிதளவு செய்து, தம்மம்பட்டி, கெங்கவல்லி, ஆத்தூர்க் கடைகளில் ஒரு மாதம் விற்றுப் பார்த்தால், எந்தக் கடை எத்தனை நாளில் பணம் தருகிறது என்பது விளங்கிவிடும். இரண்டாவது, சரக்கு முழுவதையும் ஒரே வியாபாரியை நம்பிக் கொடுக்கலாகாது. ரொக்கக் கடைகளுக்குச் சற்று விலை குறைத்துக் கொடுப்பது, நீண்ட கடனுக்கு அதிக விலையில் விற்பதைக் காட்டிலும் பல வேளைகளில் இலாபமானது. மூன்றாவது, பழைய பாக்கி தீராமல் புதுச் சரக்கு இல்லை என்ற வரம்பை முதல் நாளே பணிவுடன் சொல்லிவிட வேண்டும்.

சட்டமும் துணை நிற்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டு சட்டத்தின்படி, உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு எடுத்தவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி, கொடுக்க நேரிடும். பெரிய வியாபாரியைப் பகைத்துக்கொள்ள யாரும் விரும்புவதில்லை. ஆயினும் பதிவு எண்ணும் தேதியும் உள்ள பில்லைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் பழக்கமே பாதி பாக்கியை வசூலித்துக் கொடுக்கும்.

மானியம் முதலாகாது

மானியத்தை நம்பிக் கணக்குப் போடுவோர் விதியை நன்கு படிக்க வேண்டும். உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்காக 2020-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில், தகுதியான திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனால் அத்தொகை முதல் நாளே கைச்செலவுக்குக் கிடைப்பதன்று. வங்கியில் தனியே நிறுத்தி வைக்கப்பட்டு, மூன்று ஆண்டுகள் கடன் ஒழுங்காகக் கட்டப்பட்டு, தொழிலும் நடந்துகொண்டிருந்தால் கடனில் வரவு வைக்கப்படும். அதாவது, தொழிலை நிலைநிறுத்தியவருக்குக் கிடைக்கும் பரிசு அது. தொழிலை நிலைநிறுத்தும் பணம் அன்று. ஆகவே வங்கியில் இயந்திரக் கடன் கேட்கும்போதே நடைமுறை மூலதனக் கடனையும் சேர்த்துக் கேட்பது அவசியம்.

பயிற்சி அளிக்கும் நிறுவனங்களுக்கும் இதில் கடமை உண்டு. ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கான ஆராய்ச்சி நிலையம் இருப்பதால், இரகம், பூச்சி, நோய் பற்றி இவ்வட்டார விவசாயிக்கு ஆலோசனை அருகிலேயே கிடைக்கிறது. சிப்ஸ் வறுக்கவும் மாவு அரைக்கவும் கற்றுத்தரும் வகுப்புகளில், அடக்க விலைக்கும் பாக்கி வசூலுக்கும் செய்முறைக்குச் சமமான நேரம் ஒதுக்கப்பட வேண்டும். வறுக்கத் தெரிந்தவர் ஊரில் பலர் உண்டு. வரவேண்டிய பணத்திற்கு நாள் குறித்து வைப்பவர் சிலரே.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு பத்திகள் போதும்: சரக்கு கொடுத்த தேதி, யாருக்கு, தொகை, பணம் வந்த தேதி. வீட்டுச் செலவுக்கு மாதச் சம்பளமாக ஒரு தொகையை எடுத்துக்கொண்டு, கல்லாவில் மற்றபடி கைவைக்காமல் இருக்க வேண்டும். தொழிலுக்கெனத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்வதும் நலம். சனிக்கிழமைதோறும் கால் மணி நேரம் செலவிட்டு, முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த எண் மாதாமாதம் கூடிக்கொண்டே போனால், விற்பனை எவ்வளவு உயர்ந்தாலும் உற்பத்தியைப் பெருக்கக் கூடாது. எண் குறையத் தொடங்கிய பிறகு அடுத்த இயந்திரத்தின் விலையை விசாரிக்கலாம்.