அந்த விரலை நிமிர்த்தாதீங்க

எங்க லயத்து மாமா ஒருத்தர் பலா மரத்திலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. உயிர் தப்பியது. கையைத் தூக்குவார், மணிக்கட்டை மேலே வளைப்பார். விரல்கள் மட்டும் அசையாது. அத்தை தினமும் எண்ணெய் தேய்த்து, மடங்கிக் கிடந்த விரல்களை இழுத்து நிமிர்த்தி விடுவாங்க. நானும் பிடித்து விட்டிருக்கிறேன்.

பாசத்தில் செய்த பிழை அது. ஆறாவது கழுத்து நரம்பு வரை வேலை செய்கிற ஒருவர் மணிக்கட்டைத் தூக்கினால், விரல்கள் தானாகவே உள்ளே மடங்கும். அந்தச் சின்னப் பிடியில் கரண்டியைப் பிடிக்கலாம், ஃபோனை எடுக்கலாம். அதற்கு விரல் தசைநார்கள் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கணும். மணிக்கட்டையும் விரல்களையும் ஒரே நேரத்தில் நிமிர்த்தி இழுத்தால் அந்த இறுக்கம் போயிடும். டிக்கட் வெட்டி அனுப்பும்போது யாராவது பத்து நிமிஷம் தமிழில் சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை.

இப்போ மாமாவின் மகன் ஸ்டெம் செல் வீடியோக்களை எனக்கு அனுப்புகிறான். "அக்கா, இது இங்க வருமா?" ஜப்பான் 2018இல் அப்படியொரு சிகிச்சைக்கு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது, ஆதாரம் போதாது என்று விஞ்ஞானிகளே கண்டித்தார்கள். அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது, கழுத்துத் தோலின் மேல் மின்முனை ஒட்டி முள்ளந்தண்டைத் தூண்டும் கருவி. 2024இல் வெளிவந்த ஆய்வில் 60 பேரில் 72 சதவீதத்தினருக்குக் கைப் பலமும் செயல்பாடும் கூடின. விபத்து நடந்து 34 வருஷம் ஆனவர்கூட அதில் இருந்தார். அதே டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது.

ஆனால் அந்த ஆய்வில் முதல் இரண்டு மாதம் கருவியே கிடையாது. வெறும் பயிற்சி. அடுத்த இரண்டு மாதமும் பயிற்சியோடு சேர்த்துத்தான் கருவி. அப்படியென்றால் நாளைக்கே அந்தப் பெட்டி பதுளைக்கு வந்து இறங்கினாலும், வாரா வாரம் கையைப் பழக்க ஆள் இல்லாத தோட்டத்தில் அதை வைத்து என்ன செய்யிறது?

புனர்வாழ்வுக்கென்று பெரிய ஆஸ்பத்திரி ராகமையில் இருக்கு. பதுளை ரயில் பாதையில்தான், ஆனால் கிட்டத்தட்ட ஒரு பகல் பயணம். கூடப் போகிறவருக்கு அன்றைய நாட்சம்பளம் இல்லை. லயத்திலிருந்து ரோட்டுக்கு மாமாவை நாலு பேர் தூக்கணும். அதனால் நான் கேட்பது கருவியை அல்ல. ஊவாத் தோட்டங்களுக்கு ஏறி வருகிற, தமிழ் பேசுகிற தெரபிஸ்ட் ஒருவரை.

மாமா இன்னும் பிளேன்டீ கோப்பையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அணைத்துத்தான் குடிக்கிறார். ஆறின பிறகுதான் கொடுக்க முடியும்.