பேச்சு வரவில்லையா? காத்திருக்க வேண்டாம்

இரண்டு வயதாகியும் பிள்ளை பேசவில்லை என்றால், ‘இவன் அப்பனும் லேட்டாகத்தான் பேசினான், தானாக வந்துவிடும்’ என்று வீட்டில் சொல்வார்கள். அதே பிள்ளை பள்ளிக்குப் போய், ஆசிரியரின் முகம் பாராமல் ஓரமாக உட்கார்ந்தால், ‘காலனிப் பிள்ளை, படிப்பு ஏறாது’ என்று முடித்துவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதல் பேச்சு பாசத்தில் வருவது. இரண்டாவது சாதிப் புத்தியில் வருவது. இரண்டிலும் பிள்ளைக்குப் போவது திரும்பக் கிடைக்காத ஆண்டுகள்.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. 2021இல் உலகில் 127 பேரில் ஒருவருக்கு இது இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. தாயின் வளர்ப்பாலோ, தடுப்பூசியாலோ, முன்வினையாலோ இது வருவதில்லை. மாத்திரையாலும் தாயத்தாலும் போவதுமில்லை. ஆனால் சிறுவயதிலேயே பயிற்சி தொடங்கினால் பிள்ளை தன் தேவையைச் சொல்லவும், பிறரோடு பழகவும், பள்ளியில் கற்கவும் பெரிதும் உதவும்.

அடையாளங்களைப் படிக்காத பெற்றோரும் கவனிக்க முடியும். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? டாட்டா காட்டுகிறதா? ஒன்றரை வயதில், பிடித்ததை விரல் நீட்டிக் காட்டுகிறதா? இரண்டு வயதில் ‘அம்மா வா’ என்று இரு சொல் சேர்த்துப் பேசுகிறதா? கண்ணைப் பார்ப்பதைத் தவிர்ப்பது, கைகளை ஓயாமல் உதறுவது, வண்டிச் சக்கரத்தையே மணிக்கணக்கில் சுற்றுவது, மேளச் சத்தத்துக்குக் காதைப் பொத்தி அலறுவது ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. பேசிய சொற்கள் மறைந்துபோனால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. இவற்றில் ஒன்றிரண்டு இருப்பதாலேயே ஆட்டிசம் என்று முடிவு கட்ட வேண்டாம். காது கேளாமையாகவும் இருக்கலாம். முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

கீரனூர்ப் பகுதியில் கூலி வேலைக்குப் போகும் தாய், முதலில் அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்கலாம். தாய் சேய் நல அட்டையிலேயே வளர்ச்சிப் படிகள் உள்ளன. 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும். வளர்ச்சித் தாமதம் தெரிந்தால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்ப வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்கள் உண்டு.

இவை யாரும் போடும் பிச்சை அல்ல. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத ஆட்டிசம், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு எனச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை உண்டு. ‘உங்கள் பிள்ளையை இங்கே வைத்துக்கொள்ள முடியாது’ என்று அரசுப் பள்ளி சொன்னால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் எழுத்தில் முறையிடுங்கள்.

சட்டம் இருந்தும் கூலி வேலை செய்பவருக்கு ஒரு தடை நிற்கிறது. பயிற்சி ஒரு நாளில் முடிவதல்ல. திண்டுக்கல் போய்வரும் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போய்விடும். எனவே பயிற்சி பழனி வட்டத்துக்குள்ளேயே, வாரத்தில் குறித்த நாளில் கிடைப்பதை நிர்வாகம் உறுதிசெய்ய வேண்டும். மருத்துவக் குழு வரும் தேதியைக் காலனித் தெருவில் முன்னதாகவே அறிவிக்க வேண்டும். தாய் உடனிருந்தால்தான் பிள்ளையைப் பற்றி முழுமையாகத் தெரியும்.

மாணவர்களுக்கும் வேலை இருக்கிறது. வீட்டில் தம்பி, தங்கை இருந்தால் மேலே சொன்னவற்றைக் கவனித்து அம்மாவிடம் சொல்லுங்கள். வகுப்பில் தனியே ஒதுங்கும் பிள்ளையை ‘லூசு’ என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். ஒதுக்கப்படுவதன் வலி அறிந்த தெருக்கள், தம் பிள்ளைகளில் ஒன்றைக்கூட ஒதுக்கிவைக்கக் கூடாது.